வைரம் பாய்ந்த கல்

கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் பி.எஸ்ஸி. என்று அச்சடித்தார்கள். அந்தப் பட்டத்துக்குக் கிடைத்த முதல் வேலை அதுதான். ரொம்ப நாள் வரைக்கும் கடைசி வேலையும் அதுதான். செவ்வாப்பேட்டையிலிருந்து தினமும் ரயிலேறி மெட்ராஸுக்குப் போய்த் தாவரவியல் படித்தவள் நான். பரீட்சை முடிந்த கையோடு கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே நெல் விளைகிற ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். எழுபதுகள் தொடங்கியிருந்த சமயம்.

நான் படித்ததில் என்னைவிட என் மாமனாருக்குத்தான் பெருமை. "எங்க மருமவ செடிகொடி படிச்சவ" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்வார். சொல்வதோடு நின்றால் பரவாயில்லை. பயிர் மஞ்சளடித்தால் என்னைக் கூப்பிடுவார். கத்தரிக்காய் சொத்தை விழுந்தால் கையில் கொண்டுவந்து காட்டுவார். எனக்கு இலையின் குறுக்குவெட்டுத் தோற்றத்தைப் பென்சிலால் அழகாக வரையத் தெரியும். அது ஏன் மஞ்சளாகிறது என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பேன். "இதெல்லாம் பொஸ்தகத்துல போடலியாம்மா?" என்று கேட்பார். கிண்டலாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன், எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். அவர் நிஜமாகவே புத்தகத்தின் மேல் வருத்தப்பட்டுக் கேட்டார். எனக்கு எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வரும்.

ஒரு கோடையில் வயல்கிணற்றில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. ஆள் வைத்து ஆழப்படுத்தினார் மாமனார். செம்மண் முடிந்ததும் கீழே கூழாங்கல் படுகை வந்தது. கோழிமுட்டை அளவிலும் தேங்காய் அளவிலும் சிவப்பும் பழுப்புமாகக் கற்கள் கூடை கூடையாக ஏறி வந்து கிணற்றங்கரையில் குவிந்தன. அவற்றுக்கு நடுவே கிடந்ததுதான் அது. கூடையில் அடங்காமல் கயிறு கட்டி இழுத்துப் போட்டார்கள். ஒரு கை நீளம், ஆள் தொடை கனம், நன்றாக வெந்த செங்கல்லின் நிறம். நீளவாக்கில் மெல்லிய கோடுகள் ஓடின. தள்ளி நின்று பார்த்தால் யாரோ பாதி எரித்துவிட்டுப் போட்ட விறகு என்றுதான் தோன்றும். தொட்டால் கல்.

"இன்னாடா இது, கட்ட மாதிரி கீது" என்றார் கிணறு வெட்டியவர். மாமியார் அதை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டார். குந்திப் பாத்திரம் தேய்க்கத் தோதான உயரம். சில மாதங்கள் வரைக்கும் அந்தக் கல்லுக்கு எங்கள் வீட்டில் அதற்குமேல் மரியாதை கிடையாது.

பிறகு தண்டோரா வந்தது. ஊருக்கும் ரயில் பாதைக்கும் நடுவே இருக்கிற நிலமெல்லாம் தொழிற்பேட்டைக்கு வேண்டும் என்று தலையாரி தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார். எங்கள் நிலமும் கிணறும் அதில் அடக்கம். அடுத்து சங்கிலியோடு அளக்கிறவர்கள் வந்தார்கள். வரப்பு எது, வாய்க்கால் எது என்று பார்க்காமல் நேர்கோட்டில் நடந்து, எழுத்து வெட்டிய கற்களை நட்டுவிட்டுப் போனார்கள். ஒன்று எங்கள் நாற்றங்காலுக்கு நட்டநடுவில் நின்றது. பிடுங்கினால் ஜெயில் என்று சொல்லிவைத்திருந்தார்கள். மாமனார் அதைச் சுற்றி விதை தெளித்தார்.

பெரிய பண்ணையொன்றும் இல்லை. வருஷத்துச் சாப்பாட்டுக்கு நெல் வரும், மிச்சம் கொஞ்சம் விற்கலாம். ஆனால் அது தலைமுறை தலைமுறையாக வந்த நிலமில்லை. மாமனாரின் அப்பா, மேற்கே ஆந்திர எல்லையை ஒட்டிய பள்ளிப்பட்டுப் பக்கம் மழை பொய்த்துப்போனபோது குடும்பத்தை இழுத்துக்கொண்டு வந்து, முள்ளும் சரளையுமாகக் கிடந்த கரம்பைத் திருத்தி வயலாக்கியது. என் கணவர் அப்பாவை 'நைனா' என்று கூப்பிடுவதெல்லாம் அந்தப் பக்கத்து மிச்சம். மாமனார் கைக்குழந்தையாக வந்தவர். அந்த வயலைத் தவிர அவருக்கு உலகத்தில் வேறெதுவும் தெரியாது. அது போனால் அறுபது வயதில் அவர் காலையில் எழுந்து எங்கே போவார் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

என் கணவர் எண்ணூர்ப் பக்கம் ஷிப்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். "கவுருமெண்டு எடுக்கணும்னு நெனச்சா எட்த்துக்குவான் நைனா. அதுக்குப் போய் ஏன் பேஜாரு பண்ணிக்கிற? கம்பெனி வந்தா ஊர்ல நாலு பேருக்கு வேல கெடைக்கும்" என்றார். தப்பான பேச்சில்லை. ஆனால் அதைக் கேட்டபிறகு மாமனார் அந்த வேளை சாப்பிடவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் டீக்கடையில் ஒரு லாரி டிரைவர் வாயைத் திறந்தார். தெற்கே தென்னாற்காட்டில் ஒரு கிராமத்தில் மரமெல்லாம் கல்லாகிக் கிடக்கிறது, அந்த இடத்தையே அரசாங்கம் வேலி போட்டு வைத்திருக்கிறது, ஒருவனும் ஒரு துண்டைக்கூடத் தொட முடியாது என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாராம். மாமனார் குடித்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தார். நான் அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்து குண்டான் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"எழுந்திரும்மா, எழுந்திரு. மொதல்ல அது மேலேர்ந்து எழுந்திரு."

பாம்பு என்று நினைத்துத் துள்ளி எழுந்தேன். அவர் கல்லின் மேலிருந்த சாம்பலைத் தன் துண்டாலேயே துடைத்தார். "நீ படிச்சவதான? சொல்லு. இது மரமா, கல்லா?"

மரம் கல்லாவது எனக்குத் தெரியாததல்ல. கல்லூரியில் ஒரு வகுப்பு முழுக்க அதைத்தான் நடத்தினார்கள். மண்ணுக்குள் புதைந்த மரத்தில் தண்ணீரோடு சேர்ந்து கல்சத்து ஊறி ஊறி, மரம் போய், மரத்தின் உருவம் மட்டும் கல்லாக நிற்கும். வளையம், நரம்பு, துளை எல்லாம் இருந்தபடியே இருக்கும். கண்ணாடிச் சில்லு மாதிரி மெல்லிசாக அறுத்ததை மைக்ராஸ்கோப்பில் காட்டினார்கள். அழகாக வரைந்து மார்க்கும் வாங்கினேன். ஆனால் முழுசாக ஒன்றை எதிரில் போட்டு, இது அதுதானா என்று ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. கேட்ட ஒரே ஆள், நிலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற என் மாமனார்.

"பாத்துதான் சொல்லணும் மாமா" என்றேன். அவருக்கு அதுவே பாதி சம்மதம் மாதிரி ஆகிவிட்டது.

பார்த்தேன். அரிவாள்மணைக் கத்தியின் முனையால் கீறினேன். கத்தியின் இரும்புதான் கல்லில் கோடாக ஒட்டியது, கல்லில் கீறல் விழவில்லை. கல்லின் ஓரத்தால் லாந்தர் கண்ணாடியைக் கீறிப் பார்த்தேன். கண்ணாடி கீறியது, கூடவே உடைந்தும் போனது. அன்றைக்கு மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். சுண்ணாம்புக் கல்லாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்துப் பிழிந்தேன். பழவேற்காட்டுச் சிப்பி ஒன்றைப் பக்கத்தில் வைத்து அதன்மேலும் பிழிந்தேன். சிப்பியில் நுரை கட்டியது, கல்லில் ஒன்றும் இல்லை. நிமிர்ந்து பார்த்தால் வேலிக்கு அந்தப் பக்கம் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூட்டமாக நிற்கிறார்கள். கல்லுக்கு எலுமிச்சம்பழம் அறுக்கிறாள், எவனுக்கோ ஏதோ செய்கிறாள் என்று பேச்சு கிளம்பிவிட்டது. செவ்வாப்பேட்டைக்காரி கொண்டுவந்த வித்தை என்று ஒருத்தி சொன்னாளாம்.

இத்தனை செய்தும் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அது ரொம்பக் கெட்டியான கல். கெட்டியான கல்லெல்லாம் மரமாக முடியுமா? நீளவாக்குக் கோடுகளைக் காட்டி மாமனார், "நாரு நாரா ஓடுது பாரும்மா" என்பார். ஓடத்தான் செய்தது. ஆனால் கிணற்றங்கரைக் குவியலில் போய்ப் பார்த்தால் அங்கே கிடக்கிற சிவப்புக் கற்களிலும் பட்டை பட்டையாகக் கோடு ஓடியது. இரும்புச் சத்து படிந்தாலும் அப்படித்தான் இருக்கும். மரம் என்று அடித்துச் சொல்ல வேண்டுமானால் முனையைப் பார்க்க வேண்டும். வெட்டுமுகத்தில் வளையம் தெரிய வேண்டும். இந்தக் கல்லுக்கோ இரண்டு முனையும் வழவழவென்று உருண்டிருந்தன. தேய்த்துக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி. தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், கண் வலித்ததுதான் மிச்சம்.

"முனைய ஒடச்சிப் பாத்தா தெரிஞ்சிடும் மாமா" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "ஒடச்சிப் பாத்து கல்லுன்னு தெரிஞ்சா சரி. மரம்னு தெரிஞ்சா? ஒடஞ்ச மரத்துக்கு எவன் வேலி போடுவான்?"

உடைக்காமல் தெரியாது, தெரியாமல் உடைக்கக் கூடாது. தினமும் சாயங்காலம் அவர் வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டே என் முகத்தைப் பார்ப்பார். டாக்டர் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிறவர்கள் பார்க்கிற மாதிரி. நான் அடுப்பங்கரைக்குள் போய்விடுவேன். அந்தப் பட்டத்தை யாராவது திருப்பி வாங்கிக்கொள்வார்களா என்று அப்போது பலமுறை நினைத்திருக்கிறேன்.

மாமியாரின் யோசனை வேறு. "மஞ்சா தடவி, குங்குமம் வெச்சி, வேப்பல சொருகி கெணத்தாண்ட நட்டுடு. மாரியாத்தா கெடச்சிட்டான்னு சொல்லு. எந்த ஆபீசரு வந்து தொடுறான்னு பாக்கறேன்." எனக்குக்கூட அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. மாமனார் ஒத்துக்கொள்ளவில்லை. சாமி என்றால் ஊர் சாமியாகிவிடும், நிலமும் ஊருக்குப் போய்விடும் என்றார். அதைவிட, இல்லாத ஆத்தாளை இருக்கிறாள் என்று சொல்ல அவருக்குப் பயம். "பொய் சொல்லி நெலத்த காப்பாத்தக்கூடாது. மரம்னா மரம்னு சொல்லி காப்பாத்துவோம்" என்றார்.

பெரியபாளையத்தில் பஸ் மாறித் திருவள்ளூர் போனோம், மாமனாரும் நானும். நிலம் எடுக்கிற ஆபீசில் ஒரு நாள் முழுக்கக் காத்திருந்து ஒரு குமாஸ்தாவின் மேஜை முன்னால் நின்றோம். நல்ல மனிதர்தான், உட்காரச் சொன்னார். நிலத்தில் ஒரு மரம் இருக்கிறது என்று மாமனார் ஆரம்பித்தார். மரம் என்றதும் குமாஸ்தா பேனாவை எடுத்துவிட்டார், மரத்துக்குத் தனியாக நஷ்டஈடு உண்டு.

"என்ன மரம்? புளியா, மாவா, பனையா?"

மாமனார் என்னைப் பார்த்தார். நான் குமாஸ்தாவைப் பார்த்தேன்.

"அது தெரியலைங்க" என்றேன்.

"காய்க்கிற மரமா?"

"இல்லைங்க. கல்லாயிடுச்சி."

"கல்லாயிடுச்சின்னா? பட்டுப்போச்சா?"

"பட்டு ரொம்ப காலம் ஆகுதுங்க" என்றார் மாமனார் பணிவாக.

"பட்ட மரம்னா விறகு ரேட்டுதான் பெரியவரே" என்று சொல்லி அவர் பேனாவை மூடிவிட்டார். நான் விளக்கப் பார்த்தேன். தாவரவியல், புதைபடிவம், தென்னாற்காடு என்று எதையெதையோ சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கல்லுக்கெல்லாம் இங்கே மனு வாங்குகிற வழக்கம் இல்லை என்றும், அது மரம் என்று யாராவது பெரிய ஆபீசர் சொன்னால் பார்க்கலாம் என்றும் சொன்னார். "நீங்க படிச்சவங்கதானே, நீங்களே உறுதியா சொல்றீங்களா, மரம்தான்னு?" என்று கேட்டார். "முனைய ஒடச்சிப் பாத்தாதான் தெரியும்ங்க" என்றேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மாமனார் என்னைத் திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தார். திட்டியிருந்தால் தேவலை.

ஊருக்கு வந்தால் டீக்கடையில் சிரிப்பு. திருவள்ளூர் வரைக்கும் போய்க் கல்லை மரமென்று சொல்லித் திரும்பி வந்தவர் என்று கேலி பண்ணியிருக்கிறார்கள். மாமனாருக்கு ரோஷம் வந்துவிட்டது. "உங்குளுக்கு இன்னாடா தெரியும்? என் மருமவ கத்தி வெச்சி கீறிப் பாத்துது. கத்தி மொனதான் மழுங்கிச்சி. உள்ளார அப்பிடி வைரம் பாஞ்சிகீது!" என்று கத்திவிட்டு வந்தார்.

தச்சனுக்கும் குடியானவனுக்கும் வைரம் என்றால் மரத்தின் நடுவே முற்றி இறுகியிருக்கிற கெட்டிப் பாகம். கட்டில்காலுக்கும் ஏர்க்காலுக்கும் வைரம் பாய்ந்த கட்டைதான் வேண்டும் என்பார்கள். டீக்கடையில் இருந்தவர்களுக்கு அது புரிந்தது. ஆனால் டீக்கடையில் குடியானவர்கள் மட்டும் இல்லை. அந்தப் பேச்சு லாரியில் ஏறிக் கும்மிடிப்பூண்டி பஜாருக்குப் போனது. அங்கிருந்து மீன்கூடைகளோடு பழவேற்காட்டுக்கும், ரயிலில் பொன்னேரிக்கும் போனது. போகிற வழியில் 'பாய்ந்த' என்ற சொல்லும் 'மரம்' என்ற சொல்லும் எங்கேயோ கீழே விழுந்துவிட்டன. வைரம் மட்டும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நாஷ்டாவுக்குக் கம்பங்கூழ் கரைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் சத்தம். பார்த்தால் முன்பின் தெரியாத ஆட்கள், சைக்கிளிலும் நடந்தும், சிலர் கையில் கடப்பாரை. பாதிப் பேர் நேராக வயலுக்குப் போய்க் கூழாங்கல் குவியலைக் கிளற ஆரம்பித்துவிட்டார்கள். கதிர் பால் பிடித்திருந்த பயிர் காலடியில் மிதிபட்டது. மாமனார் அங்கே ஓடினார், அதற்குள் இங்கே தொட்டியடிக்குச் சிலர் வந்துவிட்டார்கள். "இதாண்டா அது" என்றான் ஒருவன். நான் கரண்டியோடு குறுக்கே நின்று கத்தினேன். என் கணவர் ஷிப்டுக்குப் போயிருந்தார். மாமியார் மண்ணை வாரித் தூற்றினார். யார் கேட்டார்கள்? சம்மட்டியை ஓங்கி இரண்டு போடு போட்டான் ஒருவன். மூன்றாவது அடியில் கல் இரண்டாகப் போனது.

எல்லோரும் குனிந்தார்கள். மினுக்குகிற எதுவும் இல்லை. "இன்னாடா, ஒண்ணும் காணோம்" என்று ஒருவன் காலால் எத்தினான்.

உடைந்த முகம் என் பக்கமாகத் திரும்பியது. கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டுத் தொட்டித் தண்ணீரை வாரி அதன்மேல் ஊற்றினேன். நனைந்ததும் நிறம் எழும்பியது. ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு மயிரிழை மாதிரி கோடுகள். வளையத்துக்குள் ஊசிமுனைத் துளைகள், வரிசை தப்பாமல். கல்லூரியில் நான் வரைந்தது அப்படியே, வரைந்ததைவிட அழகாக. இரும்பும் மணலும் எந்த ஜென்மத்தில் படிந்தாலும் இப்படிப் படியாது. வீட்டைச் சுற்றிக் கடப்பாரையோடு ஆட்கள் நிற்கிறார்கள், வயலில் பயிர் அழிகிறது, நான் சிரிக்கிறேன்.

"மரம்! மாமா, மரம்தான்! மரம்!"

வயலிலிருந்து ஓடிவந்த மாமனார் உடைந்த இரண்டு துண்டையும் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். வந்தவர்கள், "மரமாம்டா, வாங்கடா போலாம்" என்று கலைந்து போனார்கள். போகிறபோது ஒருவன் கிணற்றுக் கயிற்றையும் எடுத்துக்கொண்டு போனான்.

நாங்கள் நேரில் போய்க் கெஞ்சியும் நகராத அரசாங்கம், வைரம் என்ற சொல்லுக்கு அந்த வாரமே ஜீப்பில் வந்தது. கல்லையும் மண்ணையும் ஆராய்கிற துறையிலிருந்து ஓர் இளம் அதிகாரி, கூட ஒரு வருவாய்த் துறைக்காரர். வைரம் இல்லை என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது அதிகாரிக்கு. ஆனால் உடைந்த முகத்தைப் பார்த்ததும் அவர் கண்ணும் என் கண் மாதிரியே ஆனது. பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, தரையில் முட்டி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"மரம்தான்" என்றார். "மனுஷனே இல்லாத காலத்து மரம். ரொம்ப நல்லா வந்திருக்கு."

மாமனார் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவே மாட்டேன். என் பட்டத்துக்கு அன்றைக்குத்தான் மாலை போட்டார்கள். அவர் ஆள் அனுப்பி இளநீர் இறக்கச் சொன்னார். அதிகாரி குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கேட்டார்:

"அப்ப எங்க நெலம் எங்குளுக்கே நிக்கும்ங்களா, சார்? வேலி போட்டாலும் பரவால்ல. நான் வேலிக்கு இந்தாண்ட பயிர் வெச்சிக்குவேன்."

அதிகாரிக்கு முதலில் புரியவில்லை. நான் சொன்னேன். தொழிற்பேட்டை, தென்னாற்காடு, வேலி எல்லாவற்றையும். அவர் இளநீரைக் கீழே வைத்தார். இது எங்கே கிடந்தது என்று கேட்டார். கிணற்றடிக்குக் கூட்டிப்போனோம். குவியலிலிருந்து கூழாங்கற்களை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். திரும்பி வந்து கல்லின் இரண்டு பக்க முனையையும் தடவினார். நான் எத்தனையோ நாள் வளையத்தைத் தேடித் திட்டிக்கொண்டே தடவிய அதே வழவழப்பு.

"இது இங்க வளர்ந்த மரம் இல்ல, பெரியவரே. முனையெல்லாம் உருண்டிருக்கு பாருங்க. மேற்கே சத்தியவேடு மலைப்பக்கம் எங்கியோ கல்லாகிக் கிடந்து, அப்புறம் ஆத்து வெள்ளத்துல இந்தக் கூழாங்கல்லோட உருண்டு வந்து ஒதுங்கியிருக்கு. நீங்க சொல்ற இடத்துல மரங்க கூட்டமா கிடக்கு, அதனால பாதுகாக்கறாங்க. இங்க ஒரே ஒரு துண்டுதான். துண்டை எடுத்துப் பாதுகாக்கலாம். அதுக்காக நிலத்தை நிறுத்த முடியாது."

மரமா, கல்லா என்றே இத்தனை நாள் மாரடித்தோம். மரம் என்றால் எந்த ஊர் மரம் என்று இன்னொரு கேள்வி இருப்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதற்கான பதில் முனையில் எழுதி ஒட்டியிருந்த மாதிரி இருந்தும் எனக்குப் படிக்கத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது.

மாமனார் அந்த முனையைத் தானும் ஒருமுறை தடவிப் பார்த்தார். "வந்ததாவே இருக்கட்டும் சார். நாங்களும் அந்தப் பக்கத்துலேர்ந்து வந்தவங்கதான். வந்த எடத்துல இம்மாங்காலம் கெடந்துச்சே. அது போதாதா?"

அதிகாரி வருவாய்த் துறைக்காரரைப் பார்த்தார். அவர் ஜீப்பைப் பார்த்தார். அந்தக் கேள்விக்கு எந்தத் துறையில் பதில் இருக்கும் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்காது. அதிகாரி நல்லவர், அவர் குரல் நிஜமாகவே இறங்கிப் போயிருந்தது. "மன்னிச்சிடுங்க. இதை நாங்க எடுத்துட்டுப் போகணும். பூமிக்குள்ள கிடைச்சது, அரசாங்கத்துக்குச் சேர வேண்டியது" என்றார்.

"அத்தயுமா?" என்றார் மாமியார். "அப்பவே மஞ்சா தடவுன்னு சொன்னேன், கேட்டியா நீ? எவன் தொட்டிருப்பான்?"

ஒரு துண்டை டிரைவர் தூக்கிக்கொண்டு போனார். இன்னொன்றை மாமனாரே தூக்கினார். வீட்டுக்கு வந்தவர்கள் எதையாவது ஏற்றினால் கை கொடுத்து ஏற்றிவிடுவது அவர் பழக்கம், இதற்கு மட்டும் மறுக்க அவருக்குத் தெரியவில்லை. ஜீப்பின் பின்னால் வெறும் தகரம். வழியில் உடைந்து போய்விடும் என்று திரும்பி வந்து போரிலிருந்து வைக்கோல் உருவி, மெத்தை மாதிரி பரப்பி, அதன்மேல் வைத்தார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு அதிகாரியின் மேல் கோபமில்லை, அரசாங்கத்தின் மேல்கூட இல்லை. அந்த வைக்கோலைப் பார்க்கத்தான் சகிக்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மிதிபட்டது போக மிச்சமிருந்த பயிரை அறுக்க அவகாசம் கொடுத்தார்கள். அதன்பிறகு ஒருநாள் மஞ்சள் நிறத்தில் பெரிய இயந்திரம் வந்தது. வரப்புகள் காலையிலேயே போய்விட்டன. மத்தியானம் கிணற்றுக்கு வந்தார்கள். தூர்க்க மண் தேட வேண்டிய வேலையே இல்லை, கரையில்தான் கூழாங்கல் மலைமாதிரி கிடந்ததே. இயந்திரம் அதைத் தள்ளத் தள்ளக் கற்கள் தடதடவென்று உள்ளே விழுந்தன. ஊர்க்காரர்கள் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தார்கள். மாமனார் போக வேண்டாம் என்று நாங்கள் எல்லோரும் சொல்லியும் கேட்காமல் போய்ப் புளியமரத்தடியில் நின்றார். துணைக்கு நான் போனேன்.

தண்ணீரில் கல் விழுகிற சத்தம் நின்று, கல்லின்மேல் கல் விழுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தபோது மாமனார் என் பக்கம் திரும்பினார். கோபமாகக் கேட்கவில்லை. பயிர் ஏன் மஞ்சளடிக்கிறது என்று கேட்பாரே, அதே குரல்.

"ஏம்மா, நான் சும்மா கேக்கறேன். அது கல்லாவே இருந்திருந்தா, அத்தயாவது நம்ம ஊட்டாண்ட உட்டுட்டுப் போயிருப்பாங்க இல்ல?"

அந்தக் கல்லைப் பற்றி அவர் என்னைக் கேட்ட கேள்விகளில், துளிச் சந்தேகமும் இல்லாமல் எனக்குப் பதில் தெரிந்தது அது ஒன்றுக்குத்தான்.

"ஆமா மாமா" என்றேன்.